கேள்வி பதில்: பிள்ளைகளின் வேலையைத் தலைமையாசிரியர் பாராட்டுவது எப்படி?

அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: ஐயா, நடுநிலைப் பள்ளியில் ஹெச்.எம். ஆக இருக்கிறேன். எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளப் பதிவு, கூட்டம் என்றே நாள் ஓடிவிடுகிறது. எல்லாப் பிள்ளைகளின் நோட்டையும் எப்போது பார்ப்பது?

பதில்: எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம் அம்மா. வாரம் ஒரு வகுப்பு, ஐந்து நோட்டு போதும். ஆனால் அந்த ஐந்தை வகுப்பாசிரியர் பொறுக்கித் தரக் கூடாது. தந்தால், முத்து முத்தாக எழுதும் அதே பிள்ளைகள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி போங்கள். மெல்லக் கற்கும் பிள்ளைக்கும் முறை வந்துவிடும்.

நோட்டோடு பிள்ளையையும் கூப்பிடுங்கள். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னால், நீங்கள் படிக்கவில்லை என்பது அதற்குத் தெரிந்துவிடும். "இந்தக் கணக்கை அடித்துவிட்டு வேறு வழியில் போட்டிருக்கிறாயே, அது எப்படித் தோன்றியது?" என்று கேளுங்கள். அப்புறம் பேசாமல் காத்திருங்கள். சில பிள்ளைகளுக்குப் பதில் வர நேரமாகும். கடைசியில் ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஹெச்.எம். அறைக்கு அழைத்தாலே திட்டுதான் என்ற பயம் பள்ளியில் மெல்லக் கரையும்.

கேள்வி: "நீ புத்திசாலி" என்று பாராட்டுவதில் என்ன தப்பு?

பதில்: அமெரிக்காவில் முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்து 1998-இல் வெளியிட்டார்கள். கடினமான புதிர்களில் சறுக்கிய பிறகு, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடச் சீக்கிரம் சோர்ந்துபோனார்கள். அதனால் பிள்ளை செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

கேள்வி: எங்கள் மெட்ரிக் பள்ளியில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்கு வாசலில் பிளக்ஸ் வைக்கிறோம். பெற்றோரும் அதை எதிர்பார்க்கிறார்கள் சார்.

பதில்: பொதுத் தேர்வு முடிவில் ரேங்க் பட்டியல் அறிவிப்பதைத் தமிழக அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. நீங்களும் விட்டுவிடலாம். பெற்றோர் கூட்டத்தன்று வராந்தாவில் எல்லாப் பிள்ளைகளின் வேலையிலிருந்தும் ஒன்றைக் கயிறு கட்டிக் கிளிப் போட்டு மாட்டுங்கள். ஒவ்வொருவரும் தன் பிள்ளையுடையதைத் தேடி வந்து நிற்பார்கள்.

கேள்வி: மாணவர்களின் அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு எங்கள் ஹெச்.எம். இணையத்திலிருந்து எடுத்த யோசனைகளை அனுப்பச் சொல்கிறார். சரியா?

பதில்: சரியே இல்லை. தேர்வானால் மாணவர் கணக்குக்கு 10,000 ரூபாய் வரும், உண்மைதான். ஆனால் அது பிள்ளையின் சொந்த யோசனைக்கான விருது. வகுப்புக்கு வகுப்பு ஒரு பெட்டி வையுங்கள். "எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வீணாகிறது" என்று யாராவது எழுதிப் போடுவார்கள். அங்கிருந்து தொடங்குங்கள். கதை, கவிதை எழுதும் பிள்ளைகள் இருந்தால், அரசுப் பள்ளிகளுக்கு வரும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களுக்கு அனுப்ப உதவுங்கள்.

கேள்வி: காலை வழிபாட்டில் என் மகளை மேடைக்கு அழைத்துப் பாராட்டினார்கள். மறுநாள் பள்ளிக்குப் போகவே மறுத்தாள்.

பதில்: கூச்சமுள்ள பிள்ளைக்கு மேடை தண்டனை மாதிரி. ஹெச்.எம்.மிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள் அம்மா. அவள் நோட்டில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள், போதும்.