கேள்வி - பதில்: கண்மாய்க்குக் கீழே என்ன பயிர்?

கேள்வி: எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர். பேரன் கணினியில் உலகப் பயிர் வரைபடம் காட்டினான். ஐராவதிக் கழிமுகம் முழுக்க நெல் நிறம். நம் ஊரைப் பார்த்தால், மடைக்குக் கீழே எங்கள் புழுதி நெல் வயல் தரிசு. கண்மாய்க்குள் தண்ணீர் தேங்கும் உள்வாயில் மண்டிய சீமைக் கருவேலம் பயிர்! இந்தப் படத்தை எப்படித்தான் போடுகிறார்கள்?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: நீங்கள் பார்த்தது சரி ஆச்சி, படம்தான் தவறு. நாற்பது வருஷம் பூகோளம் நடத்தியவன் நான். இந்தத் தவறு எப்படி வருகிறதென்று சொல்கிறேன்.

பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். செயற்கைக்கோள் இந்த இரண்டையும் அளந்து பசுமை எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்க்கும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். அதைவிடப் பழைய அமெரிக்க லேண்ட்சாட் செயற்கைக்கோளில் ஒரு புள்ளியே 22 சென்ட். அரை ஏக்கர் வயலில் அது இரண்டு புள்ளிதான், அதிலும் வரப்பும் பனையும் சேர்ந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும். அதற்குத்தான் ரேடார், அதாவது தானே ரேடியோ அலை அனுப்பி எதிரொலியை அளக்கும் கருவி. அதைச் சுமக்கும், 2014-இல் ஏவிய சென்டினல்-1 மேகத்தையும் இருட்டையும் ஊடுருவும். தேங்கிய தண்ணீர் அதில் கறுப்பாக விழும். பிறகு பயிர் வளர வளர வெளுக்கும். கறுத்து வெளுத்தால் நெல் என்பது கணக்கு. நடவு வயலுக்கு அது பொருந்தும். நாமோ காய்ந்த புழுதியில் விதைக்கிறோம். மழையில் முளைத்துப் பயிர் எழுந்த பிறகுதான் கண்மாய்த் தண்ணீர் வருகிறது. அந்தக் கறுப்பு வரவேண்டிய நேரத்தில் வராததால் உங்கள் நெல் தரிசாகிவிட்டது.

கருவேலத்தைப் பிரிப்பது இதைவிட எளிது. மார்கழி மாதப் படம் ஒன்றை மட்டும் வைத்தால் அதுவும் பச்சை, நெல்லும் பச்சை. சித்திரைப் படத்தையும் சேர்த்தால் பச்சை மாறாமல் நிற்பது அது மட்டும்தான்.

இதையெல்லாம் இயந்திரத்துக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். அமெரிக்கா 2008 முதல் ஆண்டுதோறும் தன் பெருநிலப்பகுதி முழுமைக்கும் பயிர்ப்படம் போடுகிறது. அங்கே சம்சாரிகள் எந்த நிலத்தில் என்ன போட்டோம் என்று அரசிடம் பதிவு செய்யும் விவரம்தான் அதற்குப் பாடப்புத்தகம். நமக்கு அந்த இடத்தில் இருப்பது அடங்கல், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடு. நான் உளுந்து போட்ட ஒரு வருஷம் என் அடங்கலில் நெல் என்றே இருந்தது. வயலுக்கு யாரும் வரவில்லை. அன்று வந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. அப்படி எழுதியதைப் படித்துவிட்டு வானத்துக் கண் எப்படிச் சரியாகப் பார்க்கும்? பயிர்க் கணக்கெடுக்க யாராவது வந்தால் வயலுக்கே கூட்டிப் போங்கள் ஆச்சி. புழுதி விதைப்பு என்பதையும் விதைத்த தேதியையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: கறுப்பரிசியான கவுனி எங்கே விளைகிறது என்று அந்தப் படத்தில் தெரியுமா?
- ஒரு கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: தெரியாது தம்பி. கவுனியின் கருமை உமிக்குள்ளே, தவிட்டில் இருக்கிறது. மேலிருந்து பார்ப்பது இலையை. அறுவடை தள்ளிப்போவதை வைத்து நீண்ட நாள் நெல் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். கவுனிதானா என்று தெரிய ஒரு கதிரைக் கசக்கிப் பார்க்க வேண்டும்.