போர்ஷனும் முடிய வேண்டும், பிள்ளைகளும் யோசிக்க வேண்டும்: என்ன வழி?

கேள்வி: பெங்களூரில் வி.டி.யு. (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) இணைப்புள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இரண்டாம் ஆண்டுக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் (பாய்ம இயக்கவியல்) எடுக்கிறேன். வகுப்பில் 64 பேர், நகர்த்த முடியாத பெஞ்சுகள். நான் போர்டில் கணக்குப் போட, அவர்கள் பார்த்து எழுத, ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. மாணவர்களும் பங்கெடுக்கும்படி பாடத்தை மாற்றச் சொல்கிறார் துறைத்தலைவர். போர்ஷன் முடியாமல் ரிசல்ட் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: ரிசல்ட் பற்றிய பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2014-ல் அமெரிக்காவில் வெளியானது. ஆசிரியர் மட்டுமே பேசிய வகுப்புகளில் சுமார் 34 சதவீதம் பேர் தோற்றிருந்தார்கள். மாணவர்களுக்கும் வேலை கொடுத்த வகுப்புகளில் அது 22 சதவீதம். ஆகவே தைரியமாக இறங்குங்கள். ஆனால் ஒரே செமஸ்டரில் எல்லாவற்றையும் புரட்டிப் போட வேண்டாம். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். ஆறாவது வாரத்திலேயே மாணவர்களும் களைத்தார்கள், நானும் களைத்தேன். பாதியில் பழைய முறைக்கே திரும்பினோம். அதன் பிறகு, ஒரு வகுப்புக்கு ஒரு நல்ல கேள்வி என்று தொடங்கினேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

கிடைமட்டமான ஒரு குழாயில் தண்ணீர் ஓடுகிறது, நடுவில் குழாய் குறுகுகிறது. குறுகிய இடத்தில் அழுத்தம் கூடுமா, குறையுமா, மாறாமல் இருக்குமா? 'குறையும்' என்பதே சரி. ஆனால் வேகத்தையும் அழுத்தத்தையும் இணைக்கும் பெர்னூலி சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதும் பிள்ளைகளே கூட 'கூடும்' என்பார்கள். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் பஸ் ஏறும்போது நெரிசலில் நசுங்கிய அனுபவத்தை வைத்து யோசிக்கிறார்கள். அந்த எண்ணத்தை வெளியே சொல்ல வைத்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டால்தான் அது அசையும். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் முறை இதுதான். கேள்வியைப் போட்டு இரண்டு நிமிடம் தனியாக யோசிக்க விடுங்கள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் வண்ண அட்டையைத் தூக்கட்டும். சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேச விட்டு, மறுபடி அட்டை கேளுங்கள். அதற்குக் குறைவாக இருந்தால் நீங்கள் விளக்குங்கள். மேலே போனால் அடுத்த பாடத்துக்கு நகருங்கள். பெஞ்சை நகர்த்தவே தேவையில்லை. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என்று எந்த மொழியில் வேண்டுமானாலும் வாதாடட்டும். சொந்த மொழியில் வாதாடும்போதுதான் புரியாத இடம் பளிச்சென்று தெரியும்.

இதற்கு வகுப்பில் பத்து நிமிடம் போகும். அதை டெரிவேஷனிலிருந்து, அதாவது சமன்பாட்டைப் படிப்படியாக வருவிக்கும் நேரத்திலிருந்து எடுங்கள். முழு டெரிவேஷனையும் முந்தின நாளே அச்சடித்த தாளாகக் கொடுத்துவிட்டு, வகுப்பில் ஒரே ஒரு படியை மட்டும் கேளுங்கள்: 'உராய்வை எந்த வரியில் கைவிட்டோம்?' அது தெரிந்தவருக்குச் சமன்பாட்டை எங்கே பயன்படுத்தக்கூடாது என்பதும் தெரியும்.

கணக்குகளுக்கு ஊரிலேயே பொருள் இருக்கிறது. பெங்களூர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறி வருகிறது. தொரெகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாத்தகுனி என்று மூன்று இடங்களில் பம்ப் செய்கிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்தின் அளவு மட்டும் நாளுக்கு 77.5 கோடி லிட்டர். மாணவர்களிடம் இவ்வளவை மட்டும் சொல்லிவிட்டு, நான்கு நான்கு பேராகப் பிரித்து, 'எவ்வளவு மின்சாரம் வேண்டும்?' என்று கேளுங்கள். வினாடிக்கு சுமார் 9 கனமீட்டர். உராய்வை விட்டுவிட்டாலும் 44 மெகாவாட் வரும். ஆயிரம் லிட்டருக்கு 1.36 யூனிட், பம்பின் திறன் 75 சதவீதம் என்று வைத்தால் 1.8 யூனிட். வீட்டில் ஒரு வாளித் தண்ணீரை வீணாக்கினால் என்ன ஆகிறது என்பதை அவர்களே கணக்குப் போடுவார்கள். அதன் பிறகு, ஏன் ஒரே இடத்தில் பம்ப் வைத்து ஏற்றவில்லை என்று கேளுங்கள். ஏறக்குறைய 50 பார் அழுத்தத்தைக் கீழே உள்ள குழாய் தாங்க வேண்டும் என்று யாராவது கண்டுபிடிப்பார். குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் உராய்வு இழப்பு எத்தனை மடங்கு? நான்கு, எட்டு என்ற பதில்கள் நிறைய வரும். பாய்வும் உராய்வுக் கெழுவும் மாறாவிட்டால் விடை 32. இந்த ஒரு கணக்கு இரண்டு வகுப்புகளை எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. பாடத்தின் பாதி இதற்குள் இருக்கிறது.

லேபில் ஒரே ஒரு மாற்றம் போதும். குழாயில் பாய்வை அளக்கும் வென்சூரிமீட்டரைத் தொடும் முன், பாய்வை இரட்டிப்பாக்கினால் மானோமீட்டர் காட்டும் அழுத்த வித்தியாசம் என்ன ஆகும் என்று அப்சர்வேஷன் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதும் பழக்கம் இதனால் தானாகக் குறையும்.

ஆனால் மதிப்பெண்ணைத் தொடாமல் விட்டால் இவை எதுவும் நிலைக்காது. 100-ல் 50 உங்கள் கல்லூரியின் தொடர் மதிப்பீட்டில்தானே இருக்கிறது? இன்டர்னல்ஸ் ஒவ்வொன்றிலும் கணக்கே இல்லாத, காரணம் மட்டும் கேட்கும் ஒரு கேள்வியை வையுங்கள். அட்டை தூக்கும்போது தவறான விடைக்கு ஒருபோதும் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்த வாரமே எல்லோரும் முதல் பெஞ்சைப் பார்த்துத் தூக்குவார்கள்.

'சார் நடத்துவதே இல்லை, எங்களையே செய்யச் சொல்கிறார்' என்ற புகார் வரும். மனம் தளர வேண்டாம். 2019-ல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் ஒரு சோதனை நடந்தது. தாங்களே முட்டிமோதிச் செய்த மாணவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்விலோ அவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். இதை முதல் வாரத்திலேயே வகுப்பில் சொல்லிவிடுங்கள், துறைத்தலைவரிடமும் சொல்லி வையுங்கள்.

இந்த செமஸ்டருக்கு ஐந்து மாட்யூல்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வகுப்புக்கு ஒரு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் முதல் சுற்றில் எத்தனை பேர் சரி, இரண்டாம் சுற்றில் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பேசிய பிறகும் எண்ணிக்கை மாறாத கேள்விகளை விடுமுறையில் திருத்தி எழுதிக்கொள்ளலாம்.