சூப்பர் பைக்குக்கு அடுத்த டயர் எது? கேள்வி பதில்

ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்கு டயர் மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். 'எது பெஸ்ட் டயர்?' என்று ஒற்றை வரியில் கேட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்ன வண்டி, எங்கே ஓட்டுகிறீர்கள், மழையில் ஓட்டுவீர்களா, பின்னால் ஆள் உட்காருவாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது தெரியாமல் ஒரு பிராண்டு பெயரைச் சொன்னால் விளம்பரம் மாதிரிதான் இருக்கும்.

கேள்வி: அண்ணா, என்னோடது 1000 சிசி. கம்பெனியிலேயே பிரெல்லி சூப்பர்கோர்சா எஸ்பி போட்டு வந்தது. பின் டயர் மொட்டையாயிடுச்சு. திரும்ப அதையேதான் போடணும், இல்லன்னா வண்டியோட மரியாதையே போயிடும்ங்கறாங்க நண்பர்கள். ரேஸ் டிராக் பக்கம் போனதே இல்ல. வாரநாள்ல ஆபீஸ், ஞாயிறு அதிகாலைல ஹைவே. என்ன செய்யலாம்?

அதையே போட வேண்டாம். சூப்பர்கோர்சா அபாரமான டயர்தான், ஆனால் சூடேறிய பிறகு. ஒவ்வொரு ரப்பர் கலவைக்கும் அது வேலை செய்யும் வெப்பநிலை என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் ரப்பர் விறைத்துக் கிடக்கும், சாலையின் சொரசொரப்புக்குள் இறங்கிப் பிடிக்காது. டிராக்கை மனதில் வைத்துச் செய்த டயர்களுக்கு அந்த அளவு அதிகம். வளைவுக்கு வளைவு கடுமையாக பிரேக் பிடித்து, நன்றாகச் சாய்த்து, சாய்வில் இருந்தபடியே முறுக்கி வெளியே வந்தால்தான் அந்தச் சூடு வரும், நிற்கும்.

ஹைவேயில் நேராகப் போகும்போது டயரின் நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் சூடாகும். ஓரங்கள் சில்லென்றே இருக்கும். அப்படி அரை மணி நேரம் நேராகப் போய்விட்டு சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் வளைவில் வண்டியைச் சாய்க்கிறீர்களே, அந்த எடை முழுக்க வந்து உட்காருவது சூடே ஏறாத அந்த ஓரத்தில்தான். அதிகாலைக் குளிரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மழை வந்தால் இன்னும் மோசம். டிராக் வகை டயரில் வெட்டுகள் குறைவு, ஓரத்தில் அநேகமாக இருக்காது. தண்ணீர் வெளியேற வழி வேண்டுமல்லவா?

உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு வகை பொருந்தும். ஒன்று சாலைக்கான ஹைப்பர்ஸ்போர்ட்: பிரெல்லி டயப்லோ ரோஸோ 4, பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்22 அல்லது எஸ்23, மிஷலின் பவர் 6, மெட்ஸ்லர் எம்9 ஆர்ஆர், கான்டினென்டல் ஸ்போர்ட்அட்டாக் 4. இன்னொன்று நீண்ட பயணத்தை மனதில் வைத்துச் செய்த ஸ்போர்ட் டூரிங்: மிஷலின் ரோட் 6, பிரெல்லி ஏஞ்சல் ஜிடி 2, பிரிட்ஜ்ஸ்டோன் டி32, கான்டினென்டல் ரோட்அட்டாக் 4. இரண்டாவது வகையின் கலவையில் சிலிக்கா தாராளமாக இருப்பதால் குளிரிலும் ஈரத்திலும் சீக்கிரம் பிடிக்கும். 'டூரிங்' என்றதும் முகம் சுளிப்பவர்கள் நிறைய பேர். பொதுச்சாலையில் சட்டத்துக்குள் ஓட்டுபவர் அந்த டயரின் பிடிப்பு எல்லையைத் தொடவே மாட்டார். ஆபீஸ் போகிற ஆள் என்றால் நான் இதைத்தான் போடுவேன். நண்பர்கள் கேட்டால் பெயரை மட்டும் சொல்லுங்கள், வகையைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: சார், ஹயபூசா வெச்சிருக்கேன், பின்னாடி 190/50. எல்லாரும் 190/55 போடுறாங்க, வளைவுல சூப்பரா திரும்புதுன்னு சொல்றாங்க. போடலாமா?

போடலாம். ஆனால் என்ன மாறுகிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். 190 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 50, 55 என்பது அந்த அகலத்தில் இத்தனை சதவீதம் சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) உயரம் என்று பொருள். 190-இல் 50 சதவீதம் 95 மில்லிமீட்டர். 55 என்றால் 104.5. அதாவது வண்டியின் பின்பக்கம் கிட்டத்தட்ட ஒன்பதரை மில்லிமீட்டர் தூக்கிக்கொள்ளும். அதனால் முன் ஃபோர்க்கின் சாய்வு கொஞ்சம் நிமிர்கிறது, ஸ்டியரிங் சுறுசுறுப்பாகிறது. டயரின் முதுகும் கூர்மையாவதால் சாய்த்த நிலையில் தரையைத் தொடும் பரப்பு கூடும். 'சூப்பரா திரும்புது' என்பதற்குக் காரணம் இதுதான். இதன் மறுபக்கம், அதிவேகத்தில் நேராகப் போகும்போது இருந்த அந்த அசையாத தன்மை சற்றுக் குறையும். ஹயபூசாவை அதற்காகவே வாங்கியவர்களும் உண்டு.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 3 சதவீதம் கூடுகிறது. டிராக்ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு வசதி) முன், பின் சக்கர வேகங்களை ஒப்பிட்டுத்தான் வழுக்கலைக் கண்டுபிடிக்கிறது. பின் சக்கரம் பெரிதானால் அது எப்போதும் கொஞ்சம் மெதுவாகச் சுற்றுவதாகவே கணினிக்குத் தெரியும். உண்மையில் வழுக்க ஆரம்பிக்கும்போது அது தாமதமாக விழித்துக்கொள்ளலாம். அப்ரிலியா ஆர்எஸ்வி4 மாதிரி சில வண்டிகளில் புது டயர் அளவைக் கணினிக்குப் பழக்கும் வசதி இருக்கிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் அப்படி எதுவும் இல்லையென்றால், அதில் சொல்லியிருக்கும் அளவிலேயே நல்ல டயர் போடுவதுதான் என் கட்சி. மாற்றியே தீருவேன் என்றால் மட்கார்டுக்கும் செயினுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். வேகத்தில் டயர் இன்னும் கொஞ்சம் விரியும்.

கேள்வி: நிஞ்ஜா 650. 160 டயர் பார்க்க ஒல்லியா இருக்கு. 180 போட்டா கிரிப் கூடும்தானே அண்ணா?

கூடாது, குறையும். உங்கள் ரிம் 4.5 அங்குலம். 180 டயர் 5.5 அங்குல ரிம்முக்குச் செய்தது. குறுகிய ரிம்மில் ஏற்றினால் சைடுவால் இரண்டும் உள்ளே நெருக்கப்பட்டு முதுகு கூம்பிவிடும், நேராகப் போகும்போது தரையில் படும் இடம் சுருங்கும். எடையும் கூடும், வண்டி திரும்பவும் சோம்பல்படும். பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் அழகு.

கேள்வி: சைடுவால்ல 73டபிள்யூனு அடைப்புக்குறிக்குள்ள இருக்கு. கடைக்காரர் அதே அளவுல வேற எழுத்து போட்ட டயர் விலை கம்மினு காட்டுறார். வாங்கலாமா?

73 என்பது சுமைக் குறியீடு, அந்த டயர் 365 கிலோ தாங்கும். முன் டயரில் வழக்கமாக 58 இருக்கும், அது 236 கிலோ. எழுத்து வேகத்தைச் சொல்கிறது: ஹெச் என்றால் மணிக்கு 210 கிமீ வரை, வி 240 வரை, டபிள்யூ 270 வரை. அடைப்புக்குறிக்குள் இருந்தால் 270-ஐயும் தாண்டலாம். வண்டி எந்தக் குறியீட்டோடு வந்ததோ அதற்குக் கீழே இறங்காதீர்கள். 'நான் அவ்வளவு வேகம் போகவே மாட்டேன்' என்பது வாதமாகாது. அந்த எழுத்து வெப்பத்தைத் தாங்கும் கட்டுமானத்தையும் குறிக்கிறது. முழு எஞ்சின் பலமும் அந்த டயர் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது.

கேள்வி: பின் டயர் நடுவுல தட்டையா ஆயிடுச்சு, ஓரத்துல பட்டன் (வெட்டுப் பள்ளம்) நல்லா இருக்கு. முன் டயர் பாதிதான் தேஞ்சிருக்கு. பின்னாடி மட்டும் மாத்தினா போதுமா? வேற கம்பெனி போட்டா தப்பா?

நேர்ரோட்டில் அதிகம் ஓடும் எல்லா வண்டிக்கும் வருகிற நோய் இது. இதற்காகத்தான் நடுவில் கடினமான கலவையும் ஓரங்களில் மென்மையான கலவையும் வைத்து டயர் செய்ய ஆரம்பித்தார்கள். சாலை டயரில் 2005-இல் மிஷலின் பைலட் பவர் 2சிடி அதைப் பிரபலமாக்கியது. அப்படியும் நடு தேயும். தட்டையான பின் டயரை வளைவில் சாய்க்கும்போது, தட்டை முடியும் விளிம்பில் ஏறி, வண்டி திடீரென்று ஒரு பக்கம் விழுவது போல் இருக்கும். ஓரத்தில் எவ்வளவு பட்டன் மிச்சமிருந்தாலும் அந்த டயரின் ஆயுள் முடிந்தது.

முன் டயர் சீராகத் தேய்ந்து, வயதும் குறைவாக இருந்தால், அதே மாடல் பின் டயரை மட்டும் மாற்றலாம். வேறு கம்பெனி போட்டால் உடனே ஆபத்து என்றில்லை. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் முன்னையும் பின்னையும் ஜோடியாகச் சோதித்துத்தான் வெளியிடுகிறது. ஒன்று சட்டென்று சாயும், மற்றது மெதுவாகச் சாயும் என்றால் வண்டி வளைவில் ஒரே கோட்டில் நிற்காது. முன்னால் பிடிப்புக் குறைந்த டயர், பின்னால் ஒட்டும் டயர் என்ற கூட்டணி மட்டும் கூடவே கூடாது. பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க வாய்ப்பிருக்கிறது. முன் சக்கரம் வழுக்கினால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

கேள்வி: தயாரிப்புத் தேதி ஒன்றரை வருஷம் பழசா இருக்கு. திருப்பிக் கொடுக்கவா?

நான்கு இலக்க எண்ணைத்தானே பார்த்தீர்கள்? 1424 என்றால் 2024-இன் 14-ஆம் வாரம். வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் கிடந்த டயருக்கு ஒன்றரை வருடம் ஒன்றும் செய்யாது. விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை. ஐந்து வருடம் ஓடிய டயரை வருடத்துக்கு ஒரு முறை விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பட்டன் இருந்தாலும் பத்து வருடத்தைத் தாண்ட விடாதீர்கள். சைடுவாலில் வெடிப்புத் தெரிந்தால் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

கேள்வி: 36, 42னு கையேட்டுல போட்டிருக்கு. காத்தை 30க்கு இறக்கினா கிரிப் கூடும்னு எங்க குரூப்ல ஒரு அண்ணன் சொல்றார். நிஜமா?

அந்த அண்ணன் டிராக்கில் கேட்டதை ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். டிராக்கில் காற்றைக் குறைப்பது உண்மை. காற்று குறைந்தால் டயர் அதிகம் நெளியும், நெளிந்தால் சூடாகும், சூட்டில் உள்ளே காற்றழுத்தம் ஏறி, ஓடும்போது சரியான அளவுக்கு வந்து நிற்கும். ரோட்டில் அவ்வளவு சூடு தொடர்ந்து வராது. மிஞ்சுவது நெளிவு மட்டும்தான். ஸ்டியரிங் கனக்கும், முன் டயரில் அலை அலையாகத் தேய்மானம் விழும், பள்ளத்தில் இறங்கினால் அலாய் நசுங்கும்.

முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ என்பது பல ஜப்பானிய 600, 1000 சிசி வண்டிகளுக்குச் சொல்லப்படும் அளவு. இது வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டியது. பங்க் வரை ஓட்டிப்போய் அங்கே அளந்து, 'அதிகமா இருக்கே' என்று இறக்கிவிடுபவர்கள்தான் அதிகம். சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்கி வீட்டிலேயே பாருங்கள். வெளி வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயரில் ஒன்றரை பிஎஸ்ஐக்குமேல் இறங்கும், அதனால் பருவம் மாறும்போது கட்டாயம் பாருங்கள். நன்றாக ஓட்டி நிறுத்தியதும் சுமார் பத்து சதவீதம் ஏறியிருந்தால் சரி. அதைவிட நிறைய ஏறினால், கிளம்பும்போதே காற்று குறைவாக இருந்திருக்கிறது.

கேள்வி: நைட்ரஜன் அடிக்கணுமா?

வெறும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அடிக்கலாம், அடிக்காமலும் இருக்கலாம்.

கேள்வி: புது டயர்ல ரெண்டாவது நாளே பின்பக்கம் ஆணி. டியூப்லெஸ்தான். பஞ்சர் ஒட்டி ஓட்டலாமா சார்?

ஆணி எங்கே என்பதைப் பொறுத்தது. சைடுவாலிலோ ஓரத்திலோ இருந்தால் டயர் போனது போனதுதான். நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் ஓட்டை என்றால், டயரைக் கழற்றி உள்பக்கமிருந்து காளான் வடிவப் பிளக்கும் பேட்ச்சும் சேர்ந்ததை வைத்து ஒட்டலாம். கழற்றினால்தான் காற்றில்லாமல் ஓடி உள்ளே நசுங்கியிருக்கிறதா என்றும் தெரியும். வெளியிலிருந்து குத்தும் பிசின் கயிறு மெதுவாக வீடு வந்து சேர்வதற்கு மட்டும். ஒட்டிய டயரில் 200-ஐத் தொடும் ஆசை வேண்டாம், டிராக்குக்கும் எடுத்துப்போக வேண்டாம்.

கேள்வி: அண்ணா, ஓரத்துல ரெண்டு விரல் அகலம் தேயாம இருக்குன்னு பசங்க கிண்டல் பண்றாங்க. மென்மையான டயர் போட்டா முழுசா சாய்க்கலாமா?

அந்த ரெண்டு விரல்தான் எதிர்பாராமல் வளைவு இறுகும்போது உங்களுக்கு மிச்சமிருக்கும் சேமிப்பு. சேமிப்பைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது!

கேள்வி: அடுத்த மாசம் முதல் டிராக் டே. ஸ்லிக், வார்மர் எல்லாம் வாங்கணுமா?

வேண்டாம். ஹைப்பர்ஸ்போர்ட் சாலை டயரே முதல் சில டிராக் டேக்களுக்குத் தாராளம். ஸ்லிக் என்பது வெட்டே இல்லாத ரேஸ் டயர், வார்மர் என்பது டயரைச் சுற்றிப் போட்டுச் சூடாக்கும் மின் உறை. ஸ்லிக்கை வார்மரில் 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே காற்றழுத்தம் பார்ப்பார்கள். அங்கே சொல்லும் எண்ணை உங்கள் சாலை டயருக்குப் பொருத்தக் கூடாது. டயர் கம்பெனி உங்கள் மாடலுக்கு டிராக் அளவு கொடுத்திருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு சுற்று மெதுவாகப் போய்ச் சூடேற்றுங்கள். வீடு திரும்பும்போது காற்றை மறுபடி ஏற்ற மறக்காதீர்கள்.

கேள்வி: நாளைக்கு டயர் மாத்தப் போறேன். கடையில எதையெல்லாம் கவனிக்கணும்?

சைடுவாலில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். முன் டயரின் வெட்டுகள் பின் டயருக்குத் தலைகீழாக இருப்பது போல் தோன்றலாம், அம்புக்குறியை மட்டும் நம்புங்கள். டயரில் வண்ணப் புள்ளி இருந்தால் அது எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும். புள்ளி இல்லாத டயர்களும் உண்டு. வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பேலன்சிங் கட்டாயம். சக்கரம் வெளியே இருக்கும்போதே பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள், செயின் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிமீ வரை சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதெல்லாம் தேவையில்லை. ரிம்மில் ஏற்றத் தடவிய சோப்பு நீர் காயும்வரை பலமாக முறுக்கவும் வேண்டாம், டயர் ரிம்மிலேயே நகர்ந்து பேலன்ஸ் கெட்டுவிடும். முன் சக்கரம் கழற்றிப் பூட்டியதும் பிரேக் பேடுகள் விலகி இருக்கும், முதல் பிடியில் லீவர் ஹேண்டில்பார் வரை போய்விடும். வண்டியில் ஏறியதும், கியர் போடுவதற்கு முன்பே, லீவர் கெட்டியாகும்வரை நாலைந்து முறை அமுக்குங்கள்.