ஆற்றோடு மூன்று நாள்

கேள்வி: சாலையும் செல்போன் சிக்னலும் இல்லாத காட்டாற்றில் மூன்று நாள் துடுப்புப் படகில் போய், கரையில் கூடாரம் அடித்துத் தங்க நண்பர்கள் நான்கு பேர் திட்டமிட்டிருக்கிறோம். குடிநீர், கழிப்பறை எதுவும் கிடையாதாம். எதில் கவனம் வேண்டும்?

பதில்: தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் அப்படியே குடிக்காதீர்கள். நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், 2,000 மீட்டருக்கு மேலான உயரம் என்றால் 3 நிமிடம். கழிப்பறைக்கு ஆற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப்போய் 15, 20 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிவிட்டால் சரி.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றுதான் ஆளையே கொல்லும்: ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மரம். தண்ணீர் கிளைகளுக்கு நடுவே புகுந்து போய்விடும், படகும் ஆளும் போக முடியாமல் அந்த விசையிலேயே அழுந்திச் சிக்கிக்கொள்வார்கள், எவ்வளவு நீச்சல் தெரிந்தும் பயனில்லை. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் கரையேறி நடந்துபோய்ப் பாருங்கள், அதில் வெட்கமே வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உடம்பில் இருக்க வேண்டிய பொருள்.

மணல்திட்டு கூடாரத்துக்கு அழகான இடம்தான், ஆனால் மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே ராத்திரியோடு ராத்திரியாக நீர் ஏறும். மேட்டில் தங்குங்கள், படகையும் மேலே இழுத்து மரத்தில் கட்டுங்கள். அப்புறம், எந்த நாள் எங்கே கரையேறுவீர்கள், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.