பழைய ஜீப்புக்கு எந்த எஞ்சின்?

கேள்வி: என்னிடம் 1994 மாடல் மகேந்திரா எம்.எம்.540 ஜீப் இருக்கிறது. பலாத்தோப்புக்கும் முந்திரிக்காட்டுக்கும் அதில்தான் போய்வருகிறேன். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, லோடு ஏற்றினால் புகை கக்குகிறது. பொலிரோ வண்டியின் டிஐ டீசல் எஞ்சின் போடச் சொல்கிறார் ஒரு மெக்கானிக். சென்னை புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையில் ஜப்பான் டீசல் எஞ்சின் ஒன்று வந்திருக்கிறது, அதை எடுங்கள் என்கிறார் இன்னொருவர். எதை வாங்கலாம்?
- வாசகர், பண்ருட்டி

பதில்: இரண்டையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் எஞ்சின் செத்துவிட்டதா என்று இருவருமே பார்த்ததாகத் தெரியவில்லை. கறுப்புப் புகை என்றால் நாசில், பம்ப், ஏர் ஃபில்டரில் கோளாறு இருக்கலாம். காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகப்படுங்கள்; உங்கள் ஜீப்பில் இருப்பது பழைய பெஜோ (Peugeot) டீசல் எஞ்சின், குளிர்ந்திருக்கும்போது அது ஹீட்டர் பிளக் இல்லாமல் எழாது. நீலப் புகை வந்து, எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் காற்று குபுகுபுவென்று அடித்தால்தான் பிஸ்டன் ரிங்கும், சிலிண்டரின் உள்சுவரான லைனரும் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுந்தும் அளவு) பார்த்து, அளவுகளைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

தேய்ந்திருந்தாலும் பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்க் ஷாஃப்ட் தேறும் என்றால் அதையே லைனர், பிஸ்டன் மாற்றிக் கட்டுவதுதான் என் முதல் யோசனை. எஞ்சின் எண் பிளாக்கில்தான் பொறித்திருக்கிறது. பிளாக் மாறாவிட்டால் ஆர்.சி.யில் ஓர் எழுத்துகூட மாற வேண்டியதில்லை.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், அதே வகை எஞ்சினைத் தேடுங்கள். பொலிரோ டிஐ கெட்ட எஞ்சின் இல்லை, டீசல் குறைவாகக் குடிக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்கள் பெஜோ 2112 சிசி, ஏறக்குறைய 62 குதிரைத்திறன், 4500 ஆர்பிஎம் வரை சுழலும். பொலிரோ டிஐ 2523 சிசி, திறன் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அதை 3200 ஆர்பிஎம்மிலேயே தந்துவிடும். கீழ் வேகத்தில் இழுவை நிறையக் கிடைக்கும், தோப்பு மணலுக்கு அது சுகம். அதே கிரவுன் பினியனோடு (ஆக்சிலில் உள்ள பல்சக்கர ஜோடி) பைபாஸில் போனால் மட்டும் வண்டி சீக்கிரமே மூச்சுவாங்கும். கூடுதல் இழுவையை உங்கள் கியர்பாக்ஸும் ஆக்சிலும் தாங்க வேண்டும். மவுண்ட், ரேடியேட்டர், சைலன்சர் பைப் எல்லாமே மாற்று வேலைதான். எஞ்சின் விலையை மட்டும் சொல்லும் மெக்கானிக் இந்தச் செலவைப் பிறகுதான் சொல்வார். கடலூர்ப் பக்கத்து உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால், மவுண்ட் உட்காரும் இடத்தில் சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஜப்பான் எஞ்சின் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். பாகம் கிடைப்பது ஒரு தொல்லை. காகிதம் அதைவிடப் பெரிய தொல்லை. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சேர்த்தது. 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முறையாகச் செய்துவந்திருந்தால் உங்களுக்கு அடுத்தது 2029. அன்றைக்கு ஆய்வாளர் எஞ்சின் எண்ணை ஒத்துப்பார்ப்பார். இன்சூரன்ஸ் பாலிசியிலும் அந்த எண்தான் இருக்கிறது. ஆகவே அதே வகை எஞ்சினானாலும், டிஐ ஆனாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். "மாட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இன்னொன்று. 2024 பெஞ்சல் புயல் வெள்ளத்தில் நம் பக்கத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. சிலிண்டருக்குள் தண்ணீர் போன நிலையில் ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும், வெளியே தெரியாது. பழைய எஞ்சின் எடுத்தால் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றி உள்ளே துருவும் சேறும் இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: ஜிப்ஸிக்கு ரீகண்டிஷன் செய்த எஞ்சின் வாங்கினேன். வாயால் கேரண்டி சொன்னார்கள். மாட்டியதும் ஆயில் குடிக்கிறது. கடைக்காரர் கைவிரிக்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகர், புதுச்சேரி

பதில்: எஞ்சின் எண் போட்ட பில் இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதாவது கேட்டு வாங்குங்கள், ஆர்.சி.யில் எண்ணை மாற்றவும் அது வேண்டும். தர மறுத்தால் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு இரண்டையும் பத்திரப்படுத்துங்கள், அவையும் சாட்சிதான். முதலில் கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ், கூடவே 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை வேறு மெக்கானிக் யாரையும் எஞ்சினைத் திறக்க விடாதீர்கள். திறந்துவிட்டால், கெடுத்தது அவர்தான் என்று கடைக்காரர் சொல்லிவிடுவார்.