ஹெல்பர் ஃபங்ஷனை மாற்றும் பேட்ச்: ஒப்புதல் தரும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் லினக்ஸ் கர்னலில் பல டிரைவர்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு ஹெல்பர் ஃபங்ஷன் இருக்கிறது. அதற்குள் சரத்தை (எழுத்துத் தொடரை) நகலெடுக்கும் ஸ்ட்ர்எல்காப்பியை (strlcpy) எடுத்துவிட்டு, அதே வேலைக்கான ஸ்ட்ர்எஸ்காப்பி (strscpy) போட்டு, அது தரும் மதிப்பை அப்படியே திருப்பி அனுப்பும்படி ஒருவர் பேட்ச் (கோடில் செய்யும் மாற்றம்) கொடுத்திருக்கிறார். சில வரிகள்தான், கம்பைலும் ஆகிறது. ஒப்புதல் தரலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நோக்கம் சரிதான். ஸ்ட்ர்எல்காப்பி மூலச் சரத்தின் நீளத்தைச் சொல்வதற்காக அதைக் கடைசி வரை படிக்கும். முடிவில் நல் பைட் (சரம் முடிந்தது என்று காட்டும் பூஜ்யம்) இல்லையென்றால் எல்லை தாண்டியும் படித்துக்கொண்டே போகும். அதற்கு மாற்றாகத்தான் 2015-இல் 4.3 கர்னலில் ஸ்ட்ர்எஸ்காப்பி வந்தது. பழையது 2024-இல், 6.8-இல் நீக்கப்பட்டது.

ஆனால் நீங்கள் படிக்க வேண்டியது அந்தச் சில வரிகளை அல்ல, ஹெல்பரை அழைக்கும் இடங்களை. கிட் கிரெப் (கோடில் பெயரைத் தேடும் கட்டளை) போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து, ரிட்டர்ன் வேல்யூவை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நகல் போய்ச் சேரும் பஃபரில் இடம் போதாதபோது பழையது மூலத்தின் முழு நீளத்தைத் தரும். புதியது மைனஸ் 7 தரும், அதாவது இ2பிக் பிழை. அதை இன்ட் மாறியில் வாங்கி, பஃபர் அளவையும் இன்ட்டாகவே வைத்து ‘பெரிதா’ என்று கேட்கும் டிரைவருக்குச் சரம் வெட்டுப்பட்டதே தெரியாது. இன்னும் மோசம், அந்த மதிப்பைப் பாயிண்டரோடு (நினைவக முகவரியோடு) கூட்டி அடுத்த சரத்தை எழுதும் கோடு. பாயிண்டர் 7 பைட் பின்னால் போய், அங்கே இருப்பதன் மேல் எழுதிவிடும். சின்னப் பெயர்களை வைத்து டெஸ்ட் செய்தால் இது எதுவும் வெளியே வராது.

அதே பேட்ச் இன்னொரு நகலெடுப்பு ஃபங்ஷனான ஸ்ட்ர்என்காப்பியையும் (strncpy) தொட்டிருந்தால் இன்னொன்றும் பாருங்கள். அது மீதி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும். ஸ்ட்ர்எஸ்காப்பி அதைச் செய்யாது. அந்த ஸ்ட்ரக்சர் அப்படியே யூசர் ஸ்பேஸுக்கு (கர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண நிரல்களுக்கு) போகிறது என்றால் கர்னல் நினைவகத்தில் கிடந்த பழைய பைட்டுகளும் கூடவே போகும். அங்கே மீதி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும் வடிவமான ஸ்ட்ர்எஸ்காப்பி பேட் (strscpy_pad) தான் வேண்டும்.

பழைய பெயரிலேயே நடத்தையை மாற்றுவதை நான் ஏற்க மாட்டேன். மெயின் ட்ரீக்கு (கர்னலின் பொதுக் கோடுக்கு) வெளியே இருக்கும் டிரைவர் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆகிவிடும். புதிய பெயரில் ஹெல்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அழைப்பவர்களைச் சின்னச் சின்ன பேட்ச்களாக மாற்றட்டும். அப்புறம் பழையதை நீக்கினால், விட்டுப்போன இடத்தைக் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். கூடவே ஒரு கேயுனிட் (கர்னலின் டெஸ்ட் கருவி) டெஸ்ட்டும் கேளுங்கள்: பஃபரில் சரியாக அடங்கும் சரம், ஒரு எழுத்து கூடுதலான சரம், பூஜ்ய அளவு பஃபர்.