அடைப்பை முன்கூட்டியே சொல்லுமா மைக்ரோ ஆர்.என்.ஏ.?

கேள்வி: எனக்கு வயது 54. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சென்ற ஆண்டு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் சாப்பிடுகிறேன். மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்தால் அடுத்த அடைப்பு எங்கே வரும் என்று தெரிந்துவிடும் என்கிறார் நண்பர். செய்துகொள்ளலாமா, டாக்டர்?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் நண்பர் சொல்வது வெறும் புரளி என்பதால் அல்ல. அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் அம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் சிறு புழு ஒன்றில் நடத்திய ஆய்வுகளில் வெளிப்பட்ட அறிவியல் அது. 1993இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புக்கு 2024இல்தான் நோபல் பரிசு கிடைத்தது.

எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்ற மரபணுவின் ஆணையைத் தூது ஆர்.என்.ஏ. செல்லுக்குள் எடுத்துச் செல்கிறது. சுமார் 22 எழுத்து நீளமே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. அதன்மீது ஒட்டிக்கொண்டு, ஆணையை நிறுத்திவைக்கும் அல்லது அழியச் செய்யும். ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களில் மிர்-126 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. மிகுதி. வெள்ளணுக்களைச் சுவரில் ஒட்டவைக்கும் விகாம்-1 என்ற புரதத்தை அது அடக்கிவைக்கிறது. ரத்தம் சீராக ஓடும் இடங்களில் சுவர் நலமாக இருக்கும். குழாய் கிளை பிரியும் இடங்களில் ஓட்டம் சுழல்கிறது. அங்கே மிர்-92ஏ என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடி, சுவரைக் காக்கும் புரதங்களைக் குறைத்துவிடுகிறது. அடைப்புகள் பெரும்பாலும் கிளைகளை ஒட்டியே உருவாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தாலியின் புரூனெக் நகர மக்களிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் மிர்-126 குறைந்திருப்பதைக் காட்டியது. அப்படியென்றால் அளந்து பார்க்கலாமே என்று தோன்றும். சிக்கல் இங்கேதான். ரத்தத்தில் மிதக்கும் மிர்-126இன் பெரும்பங்கு, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களிலிருந்து வருகிறது. நீங்கள் சாப்பிடும் ஆஸ்பிரின் அந்தத் தட்டணுக்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. அதனாலும் அளவு இறங்கும். முடிவு குறைவாக வந்தால் சர்க்கரையைக் குற்றம் சொல்வதா, மாத்திரையையா? ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலோ, உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கலந்தாலோ கணக்கு மேலும் குழம்பும். கையில் எடுத்த ரத்தம், இதயத்தின் எந்தக் குழாயில் அடைப்பு வரும் என்று ஒருபோதும் காட்டாது.

அந்தப் பணத்தில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்), எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), சிறுநீரில் கசியும் அல்புமின் புரதம் ஆகியவற்றைப் பாருங்கள். ரத்த அழுத்தத்தையும் விடாதீர்கள். ஸ்டென்ட் வைத்த உங்களுக்கு எல்.டி.எல். 55 மி.கி./டெ.லி.க்குக் கீழ் இருப்பது நல்லது. மாத்திரைகளால் அது இறங்கவில்லையென்றால், இன்க்ளிசிரான் ஊசி பற்றி இதய மருத்துவரிடம் கேளுங்கள். அது மைக்ரோ ஆர்.என்.ஏ. அல்ல, அதன் உறவுக்காரர், கல்லீரலில் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தின் உற்பத்தியைத் தடுத்து, எல்.டி.எல்.லை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. முதல் ஊசிக்கு மூன்று மாதம் கழித்து இரண்டாவது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று.

பரிசோதனை முடிவு சரியாக வரவேண்டும் என்று யாராவது சொன்னாலும், ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிடக்கூடும்.